வண்டிக்கு வயது வரம்பு

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் நாள் காலையில், தில்லி மாநகரத்துப் பெட்ரோல் நிலையங்களில் இதுவரை காணாத காட்சி ஒன்று தோன்றிற்று. பீப்பாய் அருகே வண்டி வந்து நின்றதும், மேலே பொருத்திய புகைப்படக் கருவி அதன் எண் பலகையைப் படித்தது. படித்த எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு வண்டியின் வயதைக் கணக்கிட்டது. டீசலில் ஓடும் வண்டிக்குப் பத்தாண்டு நிறைந்திருந்தாலும், பெட்ரோலில் ஓடும் வண்டிக்குப் பதினைந்தாண்டு நிறைந்திருந்தாலும், ஒரு துளி எண்ணெயும் ஊற்றலாகாது என்பது ஆணை. பக்கத்தில் போக்குவரத்துத் துறையினரும் காவலரும் நின்றனர். இந்த ஆணைக்கு அகப்படக் கூடியவை தில்லியில் மட்டும் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டவை என்றும், அவற்றுள் பெரும்பாலானவை இரு சக்கர வண்டிகளே என்றும் அப்பொழுது கணக்குச் சொன்னார்கள்.

ஆணை பிறந்த மூன்றாம் நாளே தில்லி அரசு, இதனை நிறுத்திவைக்க வேண்டும் என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்குக் கடிதம் எழுதிற்று. எட்டாம் நாள் ஆணையமும் இசைந்து, நவம்பர் முதல் நாளுக்குத் தள்ளிவைத்தது. ஒரு வாரத்தில் ஏறிய கொடி இறங்கிவிட்டது. ஆயினும் அந்த ஒரு வாரம் இத்தலைநகரில் வாழும் நடுத்தரக் குடும்பங்களில் எழுப்பிய கலக்கம் சிறிதன்று.

நாம் வாழும் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. அவற்றுள் இரண்டு வீடுகளின் முன்னே இரண்டு சிறிய பெட்ரோல் கார்கள் நிற்கும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி. ஒன்றைக் கும்பகோணத்துப் பெரியவர் 2010-ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி வாங்கினார். மற்றொன்றைத் திருநெல்வேலிப் பெரியவர் அதே ஆண்டு ஆடிப் பெருக்கன்று வாங்கினார். இருவரும் மத்திய சர்க்கார் அலுவலகங்களில் பணி செய்து ஓய்வு பெற்றவர்கள். வாரம் ஒரு முறை கோயிலுக்கும், மாதம் ஒரு முறை மருத்துவமனைக்கும் போவதன்றி அந்த வண்டிகள் வேறு ஓட்டம் அறியா. "எனக்கு அறுபதில் ஓய்வு கொடுத்த சர்க்கார், என் வண்டிக்குப் பதினைந்திலேயே கொடுத்துவிட்டது, சார்" என்று கும்பகோணத்துப் பெரியவர் நகைத்தார். நகைப்பில் கசப்பு இருந்தது. அதே கட்டடத்தின் மேல்மாடியில், மதுரையிலிருந்து வந்த இளந்தம்பதியரின் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். நவம்பர் பிறந்தால் அவன் முகத்தில் மூச்சு மருந்துக் கருவியை வைத்து இரவெல்லாம் தாய் விழித்திருப்பாள். கீழே நிற்கும் வண்டிக்கும் மேலே விழித்திருக்கும் தாய்க்கும் நடுவே சட்டம் எங்கே கோடு கிழிக்க வேண்டும்? இந்தக் கேள்வியை முன்வைத்துக்கொண்டு, வண்டிகளை நகரங்கள் எவ்வாறு கட்டுப்படுத்தி வந்தன என்னும் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

நகரத்தின் நடுவே வண்டி ஓடலாகாது என்னும் விதி மோட்டார் காலத்தில் பிறந்ததன்று. தென் இத்தாலியில் ஹெராக்ளியா என்னும் பழைய ஊரின் அருகே 1732-இல் வெண்கலப் பட்டயம் ஒன்று கிடைத்தது. அதில் பொறித்த சட்டத்தை ஜூலியஸ் சீசரின் காலத்தது, கி.மு. 45-ஐ ஒட்டியது, என்று அறிஞர் பலர் கருதுவர். ரோமாபுரியின் தெருக்களில் கதிரவன் எழுந்தது முதல் பகலின் பத்தாம் நாழிகை வரை பார வண்டி எதனையும் ஓட்டலாகாது என்கிறது அச்சட்டம். அவர்களுடைய நாழிகை நமது நாழிகை அன்று. பகலைப் பன்னிரண்டாகப் பகுத்த பங்கு. ஆகவே பிற்பகல் சாயும் வரை என்று கொள்க. விலக்குகளும் உண்டு. கோயில் கட்டும் பொருளை ஏற்றிய வண்டி போகலாம். வேள்வி நாளில் வெஸ்டா தெய்வத்தின் கன்னியர் ஏறிய வண்டி போகலாம். இரவில் வந்து குப்பையை அள்ளிக்கொண்டு விடிந்தபின் வெளியேறும் வண்டியும் போகலாம். சட்டத்தின் விளைவு என்ன ஆயிற்று? பகலில் ஓடாத வண்டிகளெல்லாம் இரவில் ஓடின. ஒன்றரை நூற்றாண்டு கழித்து வாழ்ந்த ஜுவெனல் என்னும் கவிஞர், வண்டிகளின் இரைச்சலால் ரோமில் ஏழைக்கு உறக்கம் இல்லை என்று அங்கதம் பாடியிருக்கிறார். தடுத்த தொல்லை ஒழியாமல் இடம் மாறிப் போவது இவ்வரலாற்றில் அடிக்கடி நாம் காணப் போகும் செய்தி.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் தடை வேறு உருக் கொண்டது. இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், குதிரையின்றித் தானே ஓடும் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் செங்கொடி பிடித்து நடக்க வேண்டும் என்று விதித்தது. ஊருக்குள் மணிக்கு இரண்டு மைல், வெளியில் நான்கு மைல். அதற்குமேல் விரைவு கூடாது. 1896-இல் இக்கட்டு தளர்ந்து, மணிக்குப் பதினான்கு மைல் வரை ஓடலாம் என்று ஆயிற்று. அதனைக் கொண்டாட அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள் இலண்டனிலிருந்து கடற்கரை நகரமான பிரைட்டனுக்கு மோட்டார்கள் அணிவகுத்துச் சென்றன. இன்றும் அந்த ஊர்வலம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. 1905-க்கு முன் செய்த வண்டிகளே அதில் சேரலாம். வேடிக்கையைப் பாருங்கள்: அன்று நகரம் அஞ்சியது புதிய வண்டியை. இன்று அஞ்சுவது பழைய வண்டியை. மிகப் பழையதாகிவிட்டாலோ மீண்டும் மாலை மரியாதை கிடைக்கிறது. நம் நாட்டிலும் அப்படித்தான். தில்லியில் 1964 முதல் பழம்பெரும் கார்களின் அணிவகுப்பு நடந்து வருகிறது. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டி தொன்மை வண்டி எனத் தனிப் பதிவும் தனி எண்ணும் பெறலாம். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளைத்தான் தில்லியில் ஒரு கார் எப்படிக் கழிப்பது என்று தெரியவில்லை!

இனி, புகைக்கு வருவோம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரைப் பனியும் கரிப்புகையும் ஒன்றாய்த் திரண்டு மூடின. நான்காயிரம் பேர் மாண்டனர் என்று முதலில் மதிப்பிட்டனர். பன்னீராயிரம் வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆராய்ச்சி. அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் எழுந்தது. அச்சட்டம் வீட்டு அடுப்பையும் ஆலைப் புகைபோக்கியையும் நோக்கியதேயன்றி மோட்டாரைத் தொடவில்லை. மோட்டாரின் புகையை நகரங்கள் தனியே பிரித்து நோக்கத் தொடங்கியது மிகவும் பிற்பட்டே. ஐரோப்பாவில் ஸ்வீடன் நாடு 1996-இல் ஸ்டாக்ஹோம் முதலிய நகரங்களின் நடுப்பகுதியில் பழைய டீசல் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் தடை விதித்தது. 2008 ஜனவரி முதல் ஜெர்மனியில் பெர்லின், கொலோன், ஹானோவர் நகரங்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை வில்லைகளைக் கண்ணாடியில் ஒட்டச் செய்து, வில்லைக்குத் தகாத வண்டியை உள்ளே விடாமல் நிறுத்தின. பாரிஸ் நகரம் 2016 ஜூலை முதல், 1997-க்கு முன் பதிவான கார்கள் வாரநாட்களில் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை ஓடலாகாது என்றது.

இலண்டனின் வழி வேறு. அங்கே தடை இல்லை, கட்டணம் உண்டு. 2017 அக்டோபரில் பழைய வண்டிகளுக்கு நாளொன்றுக்குப் பத்து பவுன் என்று தொடங்கி, 2019 ஏப்ரல் 8 முதல் பன்னிரண்டரை பவுன் என்று வளர்ந்தது. முதலில் நகர மையத்தில் மட்டும் இருந்த எல்லை, 2021-இல் விரிந்து, 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரம் முழுவதும் பரவிற்று. புறநகர் மக்கள் கொதித்தெழுந்தனர். ஐந்து உள்ளாட்சி மன்றங்கள் நீதிமன்றம் ஏறித் தோற்றன. இரவோடிரவாகப் புகைப்படக் கருவிகளை வெட்டிச் சாய்த்தவரும் உண்டு. ஆனால் இரண்டு செய்திகளை இங்கே மறவாமல் குறித்தல் வேண்டும். ஒன்று, அங்கே அளவுகோல் ஆண்டுக் கணக்கன்று; வண்டி எந்தப் புகைத் தரத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டது என்பதே. பெட்ரோல் வண்டிக்கு யூரோ நான்காம் தரம் போதும். டீசலுக்கு ஆறாம் தரம் வேண்டும். ஆகவே 2006-இல் வாங்கிய பெட்ரோல் கார் கட்டணமின்றிப் போகும். 2014-இல் வாங்கிய டீசல் கார் பணம் கட்டிப் போகும். மற்றொன்று, பழைய காரை ஒப்படைத்தவர்க்கு இரண்டாயிரம் பவுன் வரை உதவித் தொகை கொடுத்தார்கள். முதலில் ஏழைகளுக்கு மட்டும் என்றிருந்த உதவியை, எதிர்ப்பு வலுத்தபின் இலண்டன்வாசிகள் அனைவர்க்கும் ஆக்கினார்கள். அந்நகரில் 2013-இல் இறந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி எழுதிய முடிவு, அந்த விவாதத்தின் பின்னால் எப்பொழுதும் நின்றது.

நிற்க. நம் தில்லிக்குத் திரும்புவோம்.

பழைய தில்லித் தமிழர்க்குப் 'பட்பட்டி' நினைவிருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து இராணுவம் கழித்த பெரிய மோட்டார் சைக்கிள்களின் பின்னே பெட்டி கட்டி, கன்னாட் பிளேஸிலிருந்து செங்கோட்டைக்கும் சாந்தினி சௌக்குக்கும் ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டி அது. ஹார்லி டேவிட்ஸன் என்னும் அமெரிக்கப் பெயர் பொறித்த இரும்பு யானை! ஓட்டுவோர் பெரும்பாலும் சீக்கியர். அதன் படபட ஒலியே அதன் பெயராயிற்று. கரோல்பாக்கில் அறை எடுத்து வாழ்ந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அதில் நெருங்கி உட்கார்ந்து போன கதையை முதியோர் இன்றும் சொல்வர். அரை நூற்றாண்டு ஓடிய அந்த வண்டி 1990-களின் இறுதியில் தெருவைவிட்டு மறைந்தது. அதனை மறையச் செய்த நீதிமன்ற ஆணையில்தான் நம் கதையின் வேர் இருக்கிறது.

வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் தில்லியின் காற்றைக் குறித்து ஒரு மனுத் தொடுத்தார். பதின்மூன்று ஆண்டு நடந்த பின், 1998 ஜூலை 28-ஆம் நாள் நீதிமன்றம் காலவரையிட்டுப் பல கட்டளைகளைப் பிறப்பித்தது. பூரே லால் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகளே அவற்றுக்கு அடிப்படை. ஈயம் கலந்த பெட்ரோல் செப்டம்பர் முதல் நாளோடு நிற்க வேண்டும். பதினைந்தாண்டு கடந்த வாடகை வண்டிகளும் சரக்கு வண்டிகளும் அக்டோபர் 2-க்குள் விலக வேண்டும். 1990-க்கு முற்பட்ட ஆட்டோவும் டாக்ஸியும் 2000 மார்ச்சுக்குள் மாற வேண்டும். நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் இயற்கை எரிவாயுவில் ஓட வேண்டும். காந்தியடிகள் பிறந்த நாளைக் கெடுவாக வைத்தது தற்செயலோ, அன்றோ, நாம் அறியோம்.

கட்டளை எளிது; நிறைவேற்றம் எளிதன்று. எரிவாயு நிலையங்கள் போதவில்லை. ஆட்டோ ஓட்டுநர்கள் இரவெல்லாம் வரிசையில் வண்டியை நிறுத்தி அதிலேயே உறங்கினர். 2001 ஏப்ரலில் பேருந்து இன்றி மக்கள் தெருவில் தவித்தனர். அரசு மேலும் காலம் கேட்டது. அறிவியலறிஞர் மஷேல்கர் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, புகையின் அளவைத்தான் அரசு விதிக்க வேண்டும், எந்த எண்ணெயில் ஓட வேண்டும் என்று விதித்தல் கூடாது என்றது. நீதிமன்றம் தில்லியின் வகையில் அதனை ஏற்கவில்லை. 2002 ஏப்ரல் 5-ஆம் நாள், மாறாத டீசல் பேருந்து ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு ரூ.500, முப்பது நாளுக்குப் பின் ரூ.1,000 அபராதம் என்று தீர்த்துரைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் தில்லி நகரப் பேருந்துகளில் டீசல் ஒழிந்தது. அதே மாதம் 24-ஆம் நாள் ஷாதராவுக்கும் தீஸ் ஹஜாரிக்கும் இடையே முதல் மெட்ரோ ரயிலும் தொடங்கி வைக்கப்பட்டது. ஒன்றை விலக்கும்பொழுது மற்றொன்று கையில் வந்து சேர்ந்த அரிய ஆண்டு அது என்று நாம் எண்ணுகிறோம்.

ஏனைய மாநகரங்களை விரைந்து பார்த்துவிடலாம். கல்கத்தாவில் உயர் நீதிமன்றம் 2008 ஜூலையில் ஆணையிட, 1993-க்கு முன் பதிவான வாடகை வண்டிகளும் பேருந்துகளும் 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு பிறக்குமுன் விலகின. பம்பாயில் டாக்ஸிக்கு 2008-இல் இருபத்தைந்து ஆண்டு, 2013-இல் இருபது ஆண்டு என்று வரம்பு குறுகிற்று. அதன் பயனாகக் கடைசிப் பிரீமியர் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் அந்நகரத்திடம் விடைபெற்றது. அந்தக் கறுப்பு மஞ்சள் வண்டியில் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் மூட்டை முடிச்சோடு போய் இறங்கிய தமிழர் எத்தனை ஆயிரவரோ! சென்னையில் தனியார் காருக்கு இப்படி வயதுத் தடை இல்லை. பதினைந்தாண்டு கடந்தால் தகுதி பார்த்து, பசுமை வரி வாங்கிக்கொண்டு, ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கிறார்கள்.

சொந்தக் காருக்கும் தில்லியில் வயது வரம்பு வந்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தால். 2014 நவம்பர் 26 அன்று, பதினைந்தாண்டு கடந்த எந்த வண்டியும் தில்லித் தெருவில் ஓடலாகாது, பொது இடத்தில் நிற்கவும் ஆகாது என்று அது கூறிற்று. 2015 ஏப்ரல் 7-இல், தலைநகர வட்டாரம் முழுவதும் டீசலுக்குப் பத்தாண்டே எல்லை என்று மேலும் இறுக்கிற்று. 2018 அக்டோபர் 29-இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. சட்டம் பயின்றோர் இங்கே ஓர் ஐயம் எழுப்புவர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, காரின் பதிவு பதினைந்தாண்டு செல்லும் என்றும், பின்னர் ஐந்தைந்தாண்டு புதுப்பிக்கலாம் என்றும் கூறுகிறது. வண்டியின் வயதை வரையறுக்கும் அதிகாரத்தை 59-ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அளிக்கிறது. பதினைந்தாண்டுக்கு என்று வரி கட்டிப் பதிவு பெற்ற டீசல் காரைப் பத்தாம் ஆண்டில் விலக்குவது எங்ஙனம் பொருந்தும்? பொருந்தும், ஏனெனில் உயிர் வாழும் உரிமையில் தூய காற்றும் அடங்கும் என்பது மன்றங்களின் விடை. பணம் கட்டியவனுக்கு அந்த விடையில் ஆறுதல் இல்லை. ஆயினும் அதனை மறுத்தலும் எளிதன்று.

நாம் மொழிபெயர்ப்புத் தொழிலில் காலம் கழிப்பவர் ஆதலின், இவ்வாணைகளில் வரும் 'எண்ட் ஆஃப் லைஃப் வெஹிக்கிள்' என்னும் தொடரைத் தமிழாக்க முயன்று திகைத்ததுண்டு. 'ஆயுள் முடிந்த வண்டி' என்று எழுதினோம். எழுதிய பின், காலையில் கோயிலுக்குக் கிளம்பிச் சென்ற கும்பகோணத்துப் பெரியவரின் கார் நினைவுக்கு வந்தது. ஓடிக்கொண்டிருப்பதை ஆயுள் முடிந்ததென்று எப்படி எழுதுவது? 'ஆயுள் வரையறை கடந்த வண்டி' என்று திருத்தினோம். வரையறுத்தது மனிதர், கடந்தது வண்டி. இப்பொழுது பொருந்திற்று.

வயது சரியான அளவுகோல்தானா? நம் நாட்டில் வண்டிப் புகைக்குப் 'பாரத் ஸ்டேஜ்' என்னும் தரப் படிகள் உண்டு. தில்லியில் மூன்றாம் படி 2005 ஏப்ரலிலும், நான்காம் படி 2010 ஏப்ரலிலும் வந்தன. நாடு முழுதும் ஆறாம் படி 2020 ஏப்ரல் முதல் நடைமுறை. ஐந்தாம் படியைத் தாண்டியே குதித்துவிட்டோம். படி ஏற ஏற எண்ணெயிலுள்ள கந்தகம் குறைகிறது. டீசலில் பத்து இலட்சத்துக்கு 350 பங்காக இருந்தது மூன்றாம் படியில். நான்காம் படியில் 50. ஆறாம் படியில் 10. கந்தகம் குறைந்தால்தான் புகையை வடிக்கும் கருவிகள் பழுதின்றி வேலை செய்யும். ஆகவே ஒரு வண்டி எந்தப் படியில் பிறந்தது என்பதே முதன்மையானது. அதன் பின்னர்தான் அது எத்தனை மைல் ஓடிற்று, எப்படிப் பேணப்பட்டது என்பவை. வயது இவை மூன்றுக்கும் ஒரு குத்துமதிப்பான குறி. குத்துமதிப்பை ஏன் கொண்டார்கள்? வேறு அளவுகோல் கையில் இல்லாமையால். ஆண்டுக்கொரு முறையோ இரு முறையோ நாம் பெறும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்கான சோதனை, நின்ற வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும், டீசலானால் புகையின் கருமையையும் அளக்கும். நுரையீரலுக்குள் நுழையும் நுண்துகளை அது அளப்பதில்லை. நைட்ரஜன் ஆக்சைடையும் அளப்பதில்லை. அந்தச் சான்றை நம்ப முடியாத நீதிமன்றம் பிறந்த நாளை நம்பிற்று.

தில்லியின் நுண்துகளுக்கு வண்டிகள் மட்டும் பொறுப்பல்ல என்பதும் உண்மையே. கான்பூர் ஐ.ஐ.டி. நிறுவனத்தார் 2016-இல் அளித்த அறிக்கை, தெருப் புழுதிக்கு 38 விழுக்காடு, வண்டிகளுக்கு 20, வீட்டு அடுப்புகளுக்கு 12, ஆலைகளுக்கு 11 என்று பங்கிட்டது. அறுவடைக்குப்பின் வைக்கோல் தாளை எரிக்கும் புகை வேறு வந்து சேர்கிறது. "வயலில் எரிவதை விட்டுவிட்டு வாசலில் நிற்பதைப் பிடிக்கிறார்கள்" என்னும் குறை எங்கும் கேட்கிறது. குறையில் நியாயம் உண்டு. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சிறிய பங்கும் அன்று. மேலும் புழுதி தெருவில் கிடக்கிறது. புகைக் குழலோ நடப்பவரின் மூக்குக்கு நேரே இருக்கிறது. நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. பழைய வண்டியை வைத்திருப்பவன் விரும்பி வைத்திருப்பதில்லை. பழைய ஸ்கூட்டரில் துணி மூட்டை ஏற்றிச் செல்லும் சிறு வியாபாரிக்கு இலண்டன்காரனுக்குக் கிடைத்த இரண்டாயிரம் பவுன் இங்கே யாரும் தரவில்லை. மற்றொரு பக்கம், ஆறாம் படியில் பிறந்த பெரிய டீசல் கார் பத்தாண்டு நிறைந்த மறுநாள், அதைவிடப் பன்மடங்கு புகை கக்கும் வண்டியோடு ஒரே பட்டியலில் சேர்ந்துவிடும். இரண்டும் நியாயம் ஆகா.

விலக்கிய வண்டிகள் எங்கே போகின்றன? 2021-ஆம் ஆண்டிறுதியில் தில்லி அரசு பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளின் பதிவை நீக்க முற்பட்டது. பதினைந்து நிறையாதவற்றைப் பிற மாநிலங்களுக்குக் கொண்டு செல்லத் தடையின்மைச் சான்று தருவதாகவும் அறிவித்தது. கரோல்பாக்கின் பழைய கார்ச் சந்தையில் இத்தகைய வண்டிகள் மலிந்தன. தலைநகருக்கு ஆகாது என்று தள்ளிய வண்டி வேறோர் ஊரில், புகையை அளக்கும் கருவியே இல்லாத தெருவில், இன்னும் பத்தாண்டு ஓடுகிறது. ரோமாபுரியின் பகல் வண்டிகள் இரவுக்குப் போனது போல! ஓய்வு பெற்றுத் தமிழ்நாடு திரும்புவோரும் இச்சான்றைப் பெற்றே காரைக் கொண்டு செல்கின்றனர். அங்கே மீண்டும் வரி கட்டிப் புதிய எண் வாங்குகின்றனர். உடைத்து இரும்பாக்கும் வழியும் உண்டு. மாயாபுரி என்னும் பேட்டையில் நெடுங்காலமாகக் கார்கள் துண்டு துண்டாகின்றன. பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி போலும். 2021-இல் மத்திய அரசு உடைப்பு நிலையங்களுக்கு முறையான பதிவு விதிகளை வகுத்தது. அங்கே ஒப்படைத்தால் கிடைக்கும் வைப்புச் சான்றைக் காட்டிப் புதிய காருக்கு வரியில் 25 விழுக்காடு வரை சலுகை பெறலாம். அரசும் தன் வண்டிகளை விட்டுவிடவில்லை. மத்திய, மாநில அரசுகளின் பதினைந்தாண்டு கடந்த வண்டிகள் 2023 ஏப்ரல் முதல் பதிவிழந்தன. செயலகத்து வாயிலில் அம்பாஸடர் கார் வரிசையாக நின்ற காட்சி அதற்கு முன்பே அருகிவிட்டிருந்தது.

ஜூலையில் பெட்ரோல் தடை நின்றபின், தில்லி அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகிற்று. வயதை நோக்காது புகையை நோக்க வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். 2025 ஆகஸ்ட் 12-ஆம் நாள் மன்றம், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு இவ்வண்டிகளின் உரிமையாளர்மேல் கடுமையான நடவடிக்கை எடுக்கலாகாது என்றது. குடியிருப்பில் அன்று மாலை இனிப்பு வழங்காத குறைதான். குளிர் வந்தது. காற்றும் கெட்டது. டிசம்பர் 17-இல் மன்றம் தன் ஆணையைத் திருத்திற்று. பாரத் நான்காம் படியும் அதற்கு மேற்பட்டவையும் மட்டுமே காக்கப்படும். மூன்றாம் படியும் அதற்குக் கீழும் காப்பை இழந்தன. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து, மஷேல்கர் குழு கேட்ட கேள்வியின் பக்கம் சட்டம் மெல்லத் திரும்புகிறது: வயதைப் பார், அல்லது எண்ணெயைப் பார் என்பதைவிட, புகையைப் பார் என்பதன் பக்கம்.

திருநெல்வேலிப் பெரியவரின் கார் ஆடியில் வாங்கியது; ஆகவே நான்காம் படி. அது தப்பிற்று. கும்பகோணத்துப் பெரியவரின் கார் தையில் வாங்கியது, மூன்றாம் படி. அறுமாத வேற்றுமை. "பொங்கலுக்குப் பதில் ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்திருக்கலாம்" என்று அவர் மனைவியார் சொன்னார்கள். மூன்று நாள் யோசித்து, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்கு அவரே தகவல் கொடுத்தார். இழுவை வண்டி வந்த அன்று, கண்ணாடியில் தொங்கிய சிறிய பிள்ளையார் பொம்மையைக் கழற்றி மேல்மாடிச் சிறுவனிடம் கொடுத்தார். வைப்புச் சான்று அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. புதிய கார் வாங்கும் எண்ணம் அவர்க்கு இல்லை. கோயிலுக்கு இப்பொழுது திருநெல்வேலிப் பெரியவரின் வண்டியில் இருவரும் சேர்ந்து போகிறார்கள். மருத்துவமனைக்கு மட்டும், அந்தக் காருக்கும் நாள் வரலாம் என்று சொல்லி, மெட்ரோவில் போய்ப் பழகிக்கொண்டிருக்கிறார்.